மூச்சுக்கு ஒரு அளவுகோல்: ஓடுபவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

விடிகாலை ஓட்டம் முடிந்து டீக்கடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல், வி.ஓ.டூ மேக்ஸ். ஒருவர் வாட்ச் காட்டிய எண்ணைச் சொல்வார். இன்னொருவர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை போனில் எடுத்துக் காட்டுவார். மூன்றாமவர் பன்னிரண்டு நிமிடம் ஓடிக் கணக்குப் போட்டு வந்திருப்பார். பெயர் ஒன்றானாலும் மூன்றும் வேறு வேறு வழியில் வந்த எண்கள். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம்.

முழுமூச்சாக ஓடும்போது உடம்பு ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில், அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பதுதான் அந்த எண். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது சுமார் 3.5. ஓடிப் பழக்கமில்லாத நடுவயதுக்காரருக்கு 30-ஐ ஒட்டி நிற்கும். உலகத் தர மாரத்தான் வீரர்களிடம் 70-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். அதை எப்படி அளப்பது, அளந்ததை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

1. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ பி.பி.யோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் முழுமூச்சு டெஸ்ட்டில் இறங்க வேண்டும். காய்ச்சல் விட்ட வாரத்தில் வேண்டவே வேண்டாம். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் "இன்னும் ஒரு ரவுண்டுதானே" என்று இழுக்காமல் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

2. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எடுக்கும் டி.எம்.டி.யும் லேபில் எடுக்கும் வி.ஓ.டூ மேக்ஸும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் ட்ரெட்மில் உண்டு, ஒற்றுமை அதோடு சரி. டி.எம்.டி. பார்ப்பது இதயத்துக்குப் போகும் ரத்தத்தில் தடை இருக்கிறதா என்பதை. ஈ.சி.ஜி. கோடுதான் அதற்கு முக்கியம், மூச்சுக்காற்றை யாரும் அளப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் புரூஸ் முறை மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போகும். சமதரையில் ஓடிப் பழகியவருக்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

3. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடைசியில் 'மெட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அதை 3.5-ஆல் பெருக்கினால் உங்கள் ஆக்சிஜன் அளவு உத்தேசமாகக் கிடைத்துவிடும். 10 மெட்ஸ் என்றால் 35. அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இதயத் துடிப்பு ஓர் அளவைத் தொட்டதும் டெஸ்ட் எடுத்தவர்களாகவே நிறுத்தினார்களா? அப்படியென்றால் அது உங்கள் உச்சம் இல்லை, எண் குறைவாகவே வந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்களா? அப்படியென்றால் பாதி பாரத்தை கை தாங்கியிருக்கும், எண் கூடுதலாக வந்திருக்கும்.

4. நிஜமான வி.ஓ.டூ மேக்ஸ் வேண்டுமானால் விளையாட்டு அறிவியல் மையத்துக்கோ, உடற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கோ, கார்டியோ-பல்மனரி டெஸ்ட் வசதியுள்ள மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். போன் செய்யும்போதே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: மாஸ்க் போட்டுக் காற்றை அளப்பார்களா? ஓடுபவர்களுக்கென்று தனி முறை உண்டா, இல்லை எல்லாருக்கும் புரூஸ்தானா? கருவியை அன்றன்று கேலிபரேட் செய்கிறார்களா? ஓடுபவருக்கான முறையில் ஏற்றம் அதிகம் இருக்காது. வேகம்தான் படிப்படியாகக் கூடும், எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்தில் ஆளை முடித்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் கால் களைத்து நிற்கிறோமா, மூச்சு தீர்ந்து நிற்கிறோமா என்று தெரியாமல் போகும்.

5. கேலிபரேஷனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். 68 கிலோ எடையுள்ள ஒருவர் உச்சத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார், விடும் காற்றில் ஆக்சிஜன் 17.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.4 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 3.4 லிட்டர். எடையால் வகுத்தால் 50. இப்போது ஆக்சிஜன் சென்சார் வெறும் 0.2 சதவீதம் தப்பாகக் காட்டினால்? 50 என்பது 47 ஆகலாம், 53 ஆகலாம். மூன்று மாதம் விழுந்து விழுந்து பயிற்சி செய்து ஏற்றுகிற அளவு அது. அதனால்தான் நல்ல லேபில் டெஸ்ட்டுக்கு முன் ஒரு சிலிண்டரிலிருந்து அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி, மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளிச் சரிபார்ப்பார்கள். அதை நீங்கள் நின்று வேடிக்கை பார்த்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

6. மீசை, தாடி வைத்திருப்பவர்கள் மாஸ்க் ஓரத்தில் கையை வைத்துப் பாருங்கள். மூச்சு விடும்போது காற்று தட்டுப்பட்டால் கசிகிறது என்று அர்த்தம். கசிகிற காற்று கணக்கில் வராது. சைஸ் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

7. முந்தைய நாள் கடின ஓட்டம் வேண்டாம். டெஸ்ட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், பொங்கலும் வடையும் முடிந்த பிறகு. காபியும் தூக்கமும் எல்லா டெஸ்ட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஷூவும் அப்படியே. கார்பன் தகடு வைத்த ஷூ ஓட்டத்தின் ஆக்சிஜன் செலவை நாலு சதவீதம் வரை குறைப்பதாக ஆய்வு வந்திருக்கிறது. போன முறை பழைய ஷூ, இந்த முறை புதுசு என்றால் முன்னேறியது நீங்களா ஷூவா என்று பிரிக்க முடியாது.

8. மாஸ்க்குக்குள் பேச முடியாது என்பதால் கை ஜாடையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முகத்துக்கு நேரே ஒரு அட்டையை நீட்டுவார்கள். 6-இலிருந்து 20 வரை எண்கள் இருக்கும். சுவீடன்காரர் குன்னார் போர்க் வகுத்த அளவு அது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ அந்த எண்ணை விரலால் தொட வேண்டும். 6-இல் ஏன் தொடங்குகிறது என்று கேட்டால், பத்தால் பெருக்கிப் பாருங்கள்: 60 என்பது ஓய்விலிருக்கும் துடிப்பு, 200 என்பது இளைஞரின் உச்சத் துடிப்பு. கைப்பிடியைப் பிடித்தபடி 17-ஐத் தொடுகிறவர்களை அங்கே பார்க்கலாம். நீங்கள் பிடிக்காதீர்கள்.

9. ட்ரெட்மில்லில் எதிர்க்காற்று இல்லை. அதனால் மைதான ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 1 சதவீத ஏற்றம் வைப்பது வழக்கம். ஜிம்மில் தனியாக ஓடும்போதும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

10. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் உச்ச எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உண்மையிலேயே உச்சத்தைத் தொட்டீர்களா என்பதற்கு அதிலேயே சாட்சி இருக்கும். கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டியும் ஆக்சிஜன் கோடு ஏறாமல் படுத்திருக்க வேண்டும். வெளிவிட்ட கரியமில வாயுவை உள்வாங்கிய ஆக்சிஜனால் வகுத்த எண் 1.10-ஐத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் மனத்தளவில் முன்பே இறங்கிவிட்டீர்கள். அந்த எண்ணுக்கு 'அன்றைக்கு எட்டிய அளவு' என்று பெயர் வைக்கலாம், உச்சம் என்று வைக்க முடியாது.

11. கிலோவுக்கு எவ்வளவு என்பதோடு மொத்தம் எத்தனை லிட்டர் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 75 கிலோ இருந்தவர் நிமிடத்துக்கு 3 லிட்டர் எடுத்தால் கணக்கு 40. அவரே 70 கிலோவுக்கு இளைத்தபின் அதே 3 லிட்டருக்கு 43 வரும். இதயமும் தசையும் இம்மிகூட மாறியிருக்காது. இளைத்ததும் நல்லதுதான், ஆனால் எது எதனால் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

12. இனி, எனக்கு வி.ஓ.டூ மேக்ஸைவிட முக்கியமாகப் படுகிற ஒரு விஷயம்: ரன்னிங் எகானமி. பைக் வாங்கும்போது மைலேஜ் கேட்போமே, அதுதான். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்ற கணக்கு. பொதுவாக 200-ஐ ஒட்டி வரும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று ஓடும்போது நிமிடத்துக்கு 40 செலவானால், ஐந்தால் பெருக்க 200.

பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃபை 1990-களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுக்கும் மேல் லேபில் அளந்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியங்கியல் அறிஞர். 1992-இல் பவுலா ஜூனியர் ஓட்டக்காரி. 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தானை முடித்து உலக சாதனை படைத்தார். பதினாறு வருடம் யாரும் அதைத் தொடவில்லை. இந்த இடைவெளியில் அவருடைய வி.ஓ.டூ மேக்ஸ் எவ்வளவு ஏறியது என்கிறீர்கள்? கிட்டத்தட்ட ஏறவே இல்லை, 70-ஐச் சுற்றியே நின்றது. மாறியது மைலேஜ்: கிலோமீட்டருக்கு 205 மில்லிலிட்டர் செலவழித்தவர் 175-க்கு இறங்கிவிட்டார். வருடக்கணக்கில் ஓடிய ஓட்டம் அவரைச் சிக்கனக்காரியாக்கிவிட்டது.

ஆகவே லேபில் உச்சத்துக்கு முன்பு நாலைந்து நிதானமான வேகங்களில் தலா மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு எகானமியையும் எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும் வீணில்லை.

13. ஒருவரின் எண்ணை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பந்தயம் கட்டாதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வாங்கிய ஃபிராங்க் ஷார்ட்டருக்கு 71. அதே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் நாலாவதாக வந்த ஸ்டீவ் பிரிஃபோன்டெய்னுக்கு 84. இருவரும் அமெரிக்கர்கள்.

14. லேபில் லாக்டேட் பார்க்கிறார்கள் என்றால், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் காது மடலிலோ விரல் நுனியிலோ ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் துளியையும் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த துளியை எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஓய்வில் 1 மில்லிமோல் அளவில் இருப்பது மெல்ல ஏறி, ஒரு வேகத்துக்குப் பிறகு சட்டென்று எகிறும். எகிறத் தொடங்கும் அந்த வேகம்தான் பத்து கிலோமீட்டர், ஹாஃப் மாரத்தான் ஓடுபவருக்கு மிகவும் பயன்படும் தகவல். வீட்டிலேயே பார்க்கச் சின்னக் கருவிகளும் விற்கின்றன. ஸ்ட்ரிப் விலையைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும்.

15. லேபே வேண்டாம், மைதானம் போதும் என்பவர்களுக்கு இன்றைக்கும் கூப்பர் டெஸ்ட்டை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்க விமானப்படை டாக்டர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓட முடிகிறதோ அதிலிருந்து 505-ஐக் கழித்து, மிச்சத்தை 44.73-ஆல் வகுத்தால் வி.ஓ.டூ மேக்ஸ். 2,000 மீட்டருக்கு 33, 2,400-க்கு 42, 2,800-க்கு 51. நூறு மீட்டர் கூடினால் இரண்டேகால் கூடும் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

மைதான டெஸ்ட்டை 'நாட்டு வைத்தியம்' போல இளக்காரமாகப் பேசுபவர்களுக்கு ஒரு தகவல். இந்த எண்ணை முதன்முதலில் அளந்ததே மைதானத்தில்தான். நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் 1920-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயோடு புல்தரையில் வட்டம் வட்டமாக ஓடினார். வெளிவிட்ட மூச்சு பையில் நிறைந்தது. அதைப் பிறகு சோதித்துத்தான், வேகத்தைக் கூட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் ஆக்சிஜன் ஏறுவதில்லை என்று கண்டார்.

16. கூப்பர் டெஸ்ட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில்தான். எடுத்த எடுப்பில் பாய்ந்து, ஐந்தாம் நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 2,400 மீட்டர் எதிர்பார்த்தால் 400 மீட்டர் ரவுண்டுக்கு சரியாக இரண்டு நிமிடம். முதல் மூன்று ரவுண்டை அதே வேகத்தில் பிடித்துவைத்து, கடைசி மூன்று நிமிடத்தில் கையிருப்பைச் செலவழியுங்கள். டெஸ்ட்டுக்கு முன்பு பதினைந்து நிமிட வார்ம் அப் கட்டாயம். அதற்கு முந்தைய வாரம் ஒருமுறை ஒத்திகை ஓடிவிட்டால் கணக்கு இன்னும் சரியாக வரும்.

17. ட்ராக்கில் தூரத்துக்கு ஜி.பி.எஸ். வாட்ச்சை நம்பாதீர்கள், வளைவுகளில் தடுமாறும். கோட்டை நம்புங்கள். முதல் லேன் மட்டும்தான் 400 மீட்டர். எட்டாவது லேனில் ஒரு ரவுண்டு 450-ஐத் தாண்டிவிடும். கூட்டம் என்று வெளி லேனில் ஓடிவிட்டு ரவுண்டுக்கு 400 என்று கணக்கு எழுதினால் உங்களுக்கு நீங்களே துரோகம். பள்ளி மைதானம் என்றால் 50 மீட்டர் டேப்பால் ஒருமுறை அளந்து, மூலைகளில் சுண்ணாம்பு போட்டுவிடுங்கள்.

18. காவலர் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கூப்பர் டெஸ்ட்டில் 2,500 மீட்டர் போகிறவருக்கு அதில் பயமில்லை. 2,200-இல் நிற்கிறவர் தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். கடைசி வாரத்தில் தினம் 1,500 ஓடிப் பார்ப்பதால் கால் வலிதான் மிஞ்சும்.

19. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் மே மாதம் எடுத்த எண்ணை ஜனவரி எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. புழுக்கத்தில் உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும். அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், தூரம் குறையும். விடிகாலை, அதே மைதானம், அதே திசைக் காற்று என்று முடிந்தவரை ஒன்றுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்குக் கோடை விடுமுறைக்குப் போனவர்கள் அங்கே ஓடிப் பார்த்துப் பதறவும் வேண்டாம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு, எண் பத்து சதவீதத்துக்கு மேலேயே இறங்கலாம்.

20. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே பார்க்க ஸ்டெப் டெஸ்ட். 41 செ.மீ. உயரமுள்ள உறுதியான மர பெஞ்ச் வேண்டும். மாடிப்படி ஒரு படி இதற்குப் பத்தாது, பிளாஸ்டிக் ஸ்டூல் ஆளைக் கவிழ்க்கும். போனில் மெட்ரனோம் ஆப் ஒன்றைப் போட்டு, பெண்கள் 88, ஆண்கள் 96 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: மேலே, மேலே, கீழே, கீழே. மூன்று நிமிடம். முடிந்ததும் நின்றபடியே ஐந்து நொடி விட்டு, அடுத்த 15 நொடி நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். பெண்கள் அதை 0.1847-ஆல் பெருக்கி 65.81-இலிருந்து கழிக்க வேண்டும். ஆண்கள் 0.42-ஆல் பெருக்கி 111.33-இலிருந்து கழிக்க வேண்டும். 148 துடிப்பு வந்த பெண்ணுக்கு 38.5. கல்லூரி வயதினரை வைத்து எழுதிய கணக்கு என்பதால் நடுவயதில் ஏற்ற இறக்கம் இருக்கும். முட்டி வலிக்காரர்கள் தொடவே வேண்டாம்.

21. ஓடாத பெரியவர்களுக்கு ஒரு மைல் நடை. ட்ராக்கில் நாலு ரவுண்டும் ஒன்பது மீட்டரும். முடிந்தவரை வேகமாக நடந்து, முடிந்ததும் நாடியைப் பார்க்க வேண்டும். கணக்கு கொஞ்சம் நீளம்: 132.85-இலிருந்து எடையை 0.1695-ஆலும், வயதை 0.3877-ஆலும், நிமிடத்தை 3.2649-ஆலும், துடிப்பை 0.1565-ஆலும் பெருக்கி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். ஆண் என்றால் கடைசியில் 6.3 கூட்டிக்கொள்ள வேண்டும். 55 வயது, 65 கிலோ, 17 நிமிடம், 120 துடிப்பு உள்ள அம்மாவுக்கு 26 வரும். பேரனிடம் கால்குலேட்டரைக் கொடுத்துவிடுங்கள்.

22. கிரிக்கெட்டில் பேசப்படும் யோ-யோ டெஸ்ட், டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்தது. 20 மீட்டர் போய்த் திரும்பி, பத்து நொடி ஓய்வு, மறுபடி இன்னும் வேகமாக. இந்திய அணி முதலில் வைத்த 16.1 என்ற மதிப்பெண்ணுக்கு ஓட வேண்டியது 1,120 மீட்டர். நின்று நின்று பாய்ந்து, மூச்சு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு நல்லது. ஒரே சீராக மணிக்கணக்கில் ஓடும் மாரத்தான்காரருக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, திருப்பத்தில் கணுக்கால் பிசகுவதுதான் மிச்சம்.

23. நாடி பார்க்க இரண்டு விரலைக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வையுங்கள், கட்டைவிரலால் பார்க்காதீர்கள். முதல் துடிப்பைப் பூஜ்யம் என்று தொடங்க வேண்டும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கும்போது ஒரு துடிப்பு பிசகினால் ஆறு பிசகும் என்பதால் 15 நொடி நல்லது.

24. பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் சரிவராது. மாத்திரையே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். ஸ்டெப் டெஸ்ட்டில் ஒலிம்பிக் வீரர் மாதிரி காட்டும். இவர்களுக்குத் தூரக் கணக்குதான் சரி. டெஸ்ட்டுக்காக மாத்திரையை நிறுத்தும் யோசனை மட்டும் வரவே கூடாது.

25. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்த வாய்ப்பாடு. வயது கூடக் கூட இது குறைத்துச் சொல்லும். 208-இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது கொஞ்சம் மேல்: 60 வயதுக்காரருக்கு 160-க்குப் பதில் 166. இரண்டுமே சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம்.

26. வாட்ச் எப்படி வி.ஓ.டூ மேக்ஸ் சொல்கிறது? ஆக்சிஜனை அது பார்ப்பதே இல்லை. இந்த வேகத்துக்கு இந்தத் துடிப்பு என்றால் உச்சம் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கிறது. பல வாட்ச்சுகளில் உள்ள இந்தக் கணக்கு ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் எழுதியது, 2020-இல் கார்மின் அதை வாங்கிவிட்டது. ஊகம் சரியாக வர வேண்டுமானால் உங்கள் வயது, எடை, நிஜ உச்சத் துடிப்பு மூன்றையும் செட்டிங்கில் சரியாகப் போட்டிருக்க வேண்டும். மூன்று வருடம் முந்தைய எடை அப்படியே கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். நிதானமாக ஓடும்போது துடிப்பு 175 என்று நிலையாக நின்றால், வாட்ச் உங்கள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி இறுக்குங்கள்.

27. மார்பில் கட்டும் பெல்ட் வாட்ச்சைவிட நம்பகமானது. கட்டுமுன் உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த பெல்ட் முதல் பத்து நிமிடம் உளறும். ஓடி முடித்ததும் உப்பு போக அலசி நிழலில் உலர்த்துங்கள். சென்சாரைக் கழற்றி வைத்தால் பேட்டரியும் கூடுதல் நாள் வரும்.

28. லாக்டேட் டெஸ்ட்டுக்கு மாற்றாகச் செலவில்லாத வழி: தனியாக, பந்தயம் போல 30 நிமிடம் ஓடுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு, லாக்டேட் எகிறத் தொடங்கும் உங்கள் எல்லைக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் பேச்சே டெஸ்ட். முழு வாக்கியம் வருகிறதென்றால் எல்லைக்குள் இருக்கிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் தாண்டிவிட்டீர்கள்.

29. பெண்கள், சைவ உணவுக்காரர்கள், எண் காரணமில்லாமல் இறங்குகிறவர்கள் முதலில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் இருப்பவரின் 100 மில்லி ரத்தம் சுமார் 19 மில்லிலிட்டர் கொண்டுபோகும்போது, 10 கிராம் இருப்பவருடையது 13 தான் கொண்டுபோகும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இதைச் சரிசெய்யாமல் இன்டர்வெல் பயிற்சி கொடுக்கிற கோச்சைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

30. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் போதும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மூன்று முதல் ஐந்து சதவீதம் மாறும் என்பதால் 50 இருந்தது 51 ஆனதற்கு ஸ்வீட் வாங்க வேண்டாம். தேதி, நேரம், மைதானம், வெயில், ஷூ, எடை, தூரம், முடிந்ததும் நாடி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிட்டேஜ் ஆய்வில் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருபது வாரப் பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் ஏறியது. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை. நோட்டில் அப்படி அசையாத எண்ணைப் பார்ப்பவர்கள், ஒரு நிதானமான துடிப்பைக் குறித்துக்கொண்டு, அதே துடிப்பில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தனிக் கட்டம் போட்டு எழுதத் தொடங்கலாம். பவுலாவின் பத்து வருட முன்னேற்றம் அந்தக் கட்டத்தில்தான் இருந்திருக்கும்.